அப்பாவின் பதக்கங்களுக்கு ஃபிரேம் போட்ட கடை

வேலூர் லாங் பஜாரிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் இருக்கிறது இந்த ஃபிரேம் கடை. சாமி படமும் கல்யாண ஆல்பமும்தான் அவர்களுக்குப் பிழைப்பு. நான் கொண்டுபோனது அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும், மஞ்சள் துணியில் முடிந்துவைத்த நான்கு பதக்கங்களும். முதல் வருஷத் திதிக்குள் வேண்டும் என்றேன். பதினைந்து நாள் என்றார்கள், இருபத்திரண்டு நாள் ஆனது. திதிக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது.

முதல் பிரிண்டைப் பார்த்ததும் சுருக்கென்றது. அப்பா நல்ல கறுப்பு. படத்தில் பவுடர் அப்பின மாதிரி வெளுத்திருந்தார். அதைவிட மோசம், தொப்பியில் இருந்த யானை. மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னமே யானைதான். 1966-இல் நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்து அதைத் தொப்பியில் குத்திக்கொண்ட கதையை நூறு தடவை சொல்லியிருப்பார். கம்ப்யூட்டரில் கீறலை எடுக்கிறேன் என்று யானையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்கள். அப்பளம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கலராத்தாம்மா கேப்பாங்க" என்றார் கடைக்காரர். சரி, கேட்கிறார்கள்தான். ஆனால் மனிதர் முகம் சுளிக்கவில்லை, கூடுதல் காசும் கேட்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தும்பிக்கை தெரியும்வரை மறுபடி செய்தார்.

பதக்கங்களை அழகு பார்த்து அடுக்கியிருந்தார். அதற்கு வரிசை உண்டு. நாம் பார்க்கும்போது இடது ஓரத்தில் பஷ்சிமி ஸ்டார், அடுத்தது சங்க்ராம் மெடல். இரண்டும் 1971 போருக்கு. அப்புறம் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம், கடைசியில் ஒன்பதாண்டு சேவைப் பதக்கம். பசை போட்டு ஒட்டப் போனவரையும் தடுத்தேன். விளிம்பில் அப்பாவின் நம்பரும் பேரும் பொறித்திருக்கிறது. கழற்றிப் பார்க்க முடிய வேண்டாமா? ரிப்பனில் மட்டும் மெல்லிய நரம்பு கோத்துத் தைத்துக் கொடுத்தார். சுத்தமான வேலை.

ஸ்டார் மட்டும் தேய்ந்து கிடந்தது. கடைக்காரரின் தப்பு இல்லை. குத்துவிளக்கு விளக்கும்போதெல்லாம் அம்மா அதற்கும் புளி போட்டுவிடுவாள். நாங்கள் கத்துவோம். அப்பா, "விடுங்க. அந்த டிசம்பர்ல மணியார்டர் வராம அவ பட்ட பாட்டுக்கு யார் மெடல் குடுத்தா?" என்பார்.

மணியார்டர் கூப்பன் ஒன்றையும் கீழே வைக்கச் சொன்னேன். "பாப்பாவுக்குச் செருப்பு வாங்கவும். மீதியைக் கடைக்குக் கட்டவும்." அவ்வளவுதான் எழுத்து. பாப்பா நான்தான். பதினேழு வருஷம் இப்படித்தான் குடும்பம் நடத்தினார், வருஷத்துக்கு இரண்டு மாத லீவில் மட்டும் முகம் பார்த்து. ஹவில்தாராகப் பட்டாளத்தை விட்டு வந்த பிறகு பேங்க் வாசலில் செக்யூரிட்டி வேலை. அம்மா படுத்த படுக்கையான ஆறு வருஷமும் தலைவாரிப் பின்னல் போட்டுவிட்டது அவர்தான். பட்டாளத்துக்காரர் பின்னல், ஒரு முடி பிசகாது. கூப்பனின் மடிப்பைக்கூட நீவாமல் அப்படியே வைத்திருக்கிறார் கடைக்காரர். அதற்காகவே அந்தத் தாமதத்தை மன்னித்தேன்.

எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். தேக்குச் சட்டம், உறுதியாக இருக்கிறது. கண்ணாடி சாதாரணமானது, ட்யூப்லைட் வெளிச்சம் அப்பா முகத்திலேயே விழுகிறது. எதிரொளி அடிக்காத கண்ணாடிக்குத் தனிக் காசு, முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பிரிண்ட் போடுமுன் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் கீழிருந்தே போன் போட்டால் பையன் இறங்கி வருகிறான். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது யானைக்காக.