சில்லறைக் காசுக்கு ஒரு பாக்கெட் தராசு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் காய்கறிக்கடைக்காரர் தந்த மீதிச் சில்லறையில், விளிம்பில் எழுத்தே இல்லாத ஒரு பழைய 50 காசு வந்து சேர்ந்த அன்றுதான் இந்தத் தராசை வாங்கும் ஆசை பிறந்தது. வீட்டிலிருந்த மற்றப் பூ வரிசை (பூக்கள் பொறித்த இரண்டாம் நாணய வரிசை) 50 காசுகளின் விளிம்பில் சிங்கப்பூர்க் குடியரசு என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்ததால், இது அச்சுப்பிழையாகத்தான் இருக்க வேண்டும், பெரும்பணம் பெறும் என்று மனம் கணக்குப் போட்டது. இணையத்தில் 18 வெள்ளிக்கு (டாலருக்கு) வாங்கிய பெட்டியில் 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசும், ஓர் உருப்பெருக்கியும், மூடியின் உட்புறத்தில் ஒட்டிய ஒரு பொத்தான் காந்தமும் இருந்தன. அந்த 50 காசு அதற்குரிய 7.29 கிராமையே சரியாகக் காட்டியது. பூ வரிசையின் தொடக்க ஆண்டுகளில் வந்த 50 காசுகளுக்கு விளிம்பில் கோடுகள் மட்டுமே இருந்தன என்பதையும், எழுத்துப் பொறிப்பு அதற்குப் பின்னரே வந்தது என்பதையும் நாணயப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெட்டி வந்த முதல் நாளே என் செல்வம் கரைந்தது.

தராசின் துல்லியத்தைச் சோதிக்கத் தனி எடைக்கல் தேவையில்லை. 2013இல் வெளிவந்த மூன்றாம் வரிசையின் ஒரு வெள்ளி நாணயம் 7.62 கிராம் என்பதால், தேய்மானமில்லாத பத்து நாணயங்களை ஒன்றாக வைத்தால் 76.2 வர வேண்டும். என் தராசு 76.17 காட்டியது. இந்த விலைக்கு இது போதும். ஆனால் மின்விசிறி சுழலும்போது கடைசி இலக்கம் நிலைகொள்ளாமல் ஆடுகிறது.

பெரிய குறை அந்தக் காந்தம்தான். மூன்றாம் வரிசைக் காசுகள் அனைத்தும் உலோகப்பூச்சிட்ட எஃகு என்பதால் காந்தம் அவற்றை இழுக்கும். பூ வரிசையின் 10, 20, 50 காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை என்பதால் அவற்றைத் தொடாது. இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்காகச் சேர்த்த காந்தத்தையே தராசின் மூடிக்குள் ஒட்டிவைத்தது யாருடைய யோசனையோ தெரியவில்லை. மூடி திறந்திருக்கும்போது அது எஃகுக் காசை மேல்நோக்கி இழுத்ததால், 6.56 காட்ட வேண்டிய புதிய 50 காசு 6.4 என்று காட்டியது. எடைக் குறைவான பிழைக்காசு கிடைத்துவிட்டது என்று நான் அரைமணி நேரம் மகிழ்ந்திருந்தேன். காந்தத்தைப் பெயர்த்து மேசை இழுப்பறையில் போட்டபின் தராசு ஒழுங்காக நடந்துகொள்கிறது.

இந்த ஓராண்டில் தராசு எனக்குச் சொன்ன பதில் பெரும்பாலும் ‘இல்லை’ என்பதே, அதற்காகவே இதை மெச்சுகிறேன். பூ வரிசை 20 காசு 4.50 கிராம், சாங்கி விமான நிலையம் பொறித்த புதிய 20 காசு 3.85 கிராம், இது தெரியாமல் ‘எடை குறைந்த காசு’ என்று காட்டியவர்கள் என் நண்பர்களிலேயே இருவர். நித்தியகல்யாணிப் பூ பொறித்த பழைய ஒரு வெள்ளி ஒன்று செம்பு நிறமாக மாறியிருந்தது, அதற்குரிய 6.30 கிராமுக்கு அருகிலேயே நின்றதால், வேற்று உலோகம் என்ற கனவைக் கைவிட்டு, வெறும் நிறமாற்றம் என்று செலவழித்துவிட்டேன். சுல்தானின் முகம் பொறித்த புருணைக் காசுகளோ 1967ஆம் ஆண்டு நாணய மாற்று உடன்பாட்டின் பயனாக இங்கே நம் காசோடு காசாகப் புழங்குகின்றன. அவற்றை எடைபோட வேண்டிய அவசியமே இல்லை.

உருப்பெருக்கியின் மேல் 30 மடங்கு என்று அச்சிட்டிருந்தாலும் 10 மடங்குக்கு மேல் காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை; காசு பார்க்க அதுவே போதும். எழுத்துகள் இரட்டையாகத் தெரியும் காசுகளில்தான் அதன் பயன் புரிந்தது. இரண்டாவது உருவம் படிக்கட்டுபோலத் தாழ்ந்து தட்டையாக இருந்தால், காசு அடிக்கும் வேளையில் அச்சு அதிர்ந்ததால் வந்தது, அதற்குத் தனி விலையில்லை. அச்சிலேயே இரட்டையாகப் பதிந்த காசில் இரண்டு உருவங்களும் திரண்டு நிற்கும், எழுத்தின் முனைகளில் பிளவு தெரியும். நான் பார்த்தவை அனைத்தும் முதல் வகையே.

எந்தக் கருவியாலும் மீட்க முடியாததையும் இதே கண்ணாடிதான் காட்டியது. அப்பா வைத்திருந்த மைலோ டின்னில் சிங்கம் பொறித்த முதல் வரிசை ஒரு வெள்ளி இருந்தது. 33 மில்லிமீட்டர் அகலம், 16.8 கிராம், எல்லாம் சரி. தீபாவளிக்குக் குத்துவிளக்கு துலக்கியபோது அத்தை அதையும் புளி போட்டுத் தேய்த்திருந்தார். “அத்தை, இதையுமா தேய்த்தீர்கள்?” என்றதற்கு, “கறுத்துக் கிடந்ததேப்பா” என்றார். கண்ணாடியில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன. நாணய வணிகர் ஒருவரும் அவற்றைப் பார்த்துவிட்டு முகமதிப்புக்கு மேல் தர மறுத்தார்.

அதிசயமாக ஒருமுறை தராசு ‘ஆம்’ என்றது. பூ வரிசை 10 காசு ஒன்று 2.60 கிராமுக்குப் பதில் 2.43 காட்டியது, ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. யாரோ வெட்டிய காசில் எதிர்ப்பக்க விளிம்பு முழுமையாக இருக்கும், உலோகத் தகட்டிலிருந்து காசுக்கான வட்டத்தைத் துளைத்தெடுக்கும்போதே குறைபட்டதில் வெட்டுக்கு நேர் எதிரேயும் விளிம்பு மங்கும் என்று படித்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் மங்கியே இருந்தது. விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல், இதுபோன்றவை உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடிப் பார்த்தேன். அது தராசின் விலையை ஈடுகட்டும், அதற்கு மேல் அதிகமில்லை. எடையையும் கிடைத்த தேதியையும் பென்சிலால் எழுதிய காகித உறையில், துடைக்காமல் வைத்திருக்கிறேன். அத்தையிடம் மட்டும் இன்னும் காட்டவில்லை.