ஒரே கொலுசுக்கு இரண்டு முகவரி: ஐந்து ரோட்டில் ஓர் இணையதளச் சேவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் எங்கள் கடையின் இணையதளத்தைச் சீர்செய்ய, ஐந்து ரோடு அருகே இரண்டு இளைஞர்கள் நடத்தும் சிறு நிறுவனத்தை ஆடி மாதத்தில் அணுகினோம். முன்பு தளத்தை அமைத்துத் தந்தவர்கள் டிசைன் பெயர்களை அப்படியே பக்கங்களின் இணைய முகவரியில் இட்டிருந்தனர். 'கொலுசு (சலங்கை)' பக்கத்தின் இணைப்பை அனுப்பினால் கடைசி அடைப்புக்குறி அறுந்துபோய், வெளியூர் வாடிக்கையாளருக்குப் பக்கம் திறக்காது. அந்தப் பழையவர்கள் தமிழை விட்டுவிட்டு ஆங்கில எழுத்தில் முகவரி வைக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

புதியவர்கள் காரணத்தைப் பொறுமையாக விளக்கினார்கள். இணையத்துக்கான விதிகள் ஆர்எஃப்சி என்ற எண்ணிட்ட ஆவணங்களாக வெளிவருகின்றன. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2396, அடைப்புக்குறி, ஒற்றை மேற்கோள்குறி, வியப்புக்குறி ஆகியவற்றை முகவரியில் தாராளமாக எழுத அனுமதித்தது. 2005 ஜனவரியில் அதற்கு மாற்றாக வந்த ஆர்எஃப்சி 3986 அதே குறிகளை, முகவரியில் தனிப் பொருள் தரக்கூடியவை என ஒதுக்கி வைத்தவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பழைய விதிப்படி அடைப்புக்குறியை நேராக எழுதினாலும் % அடையாளமும் எண்ணும் கொண்ட குறியீடாக (%28 போல) எழுதினாலும் ஒரே முகவரி. புதிய விதிப்படி அவை இரண்டும் வெவ்வேறாக இருக்கலாம். எங்கள் தளத்தின் ஒரு பகுதி பழையதையும் மற்றொரு பகுதி புதியதையும் பின்பற்றியதுதான் குழப்பம்.

நான் வியந்தது 'கொலுசு' என்ற சொல்லைத் திரையில் பிரித்துக் காட்டியபோதுதான். 'கொ'வில் வரும் கொம்பையும் காலையும் கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் இடலாம், இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. தமிழ்க் குறி ஒன்று, யூனிகோடைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டாகி, பைட் ஒன்றுக்கு % உடன் மூன்று எழுத்தாக முகவரியில் 9 எழுத்தாக விரிவதால், முதல் வகையில் 54 எழுத்தும் இரண்டாம் வகையில் 63 எழுத்தும் வருகின்றன. வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் செயலியைப் பொறுத்து எங்கள் பக்கம் கிடைத்ததும் கிடைக்காததும் இதனால்தான்.

வெளியே தரும் முகவரியைக் கண்டிப்பாகப் புதிய விதிப்படி எழுதி, உள்ளே வருவதை எந்த வடிவிலும் ஏற்று, ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி அமைத்தார்கள். ஏற்கெனவே அச்சடித்த அட்டைப்பெட்டிகளின் கியூஆர் குறிகளை நானே ஸ்கேன் செய்து பார்த்தேன், அனைத்தும் திறந்தன. இதற்காகவே இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பத்து நாள் என்று சொல்லி மூன்று வாரம் எடுத்துக்கொண்டது குறைதான். எந்தக் குறிக்கு எந்த விதி என்பதைக் கேட்ட பிறகே ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். வேலை கொடுப்பவர்கள் அதை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.