நாகர்கோவில் அருகே ஒரு கோல்ஃப் வகுப்பு: ஆளுக்கேற்ற வீச்சு

நாகர்கோவிலுக்கு வெளியே, தென்னந்தோப்பின் ஓரத்தில் வலை கட்டிச் செயற்கைப் புல்விரிப்புப் போட்டு நடத்தப்படும் சிறிய கோல்ஃப் வகுப்பில் மூன்று மாதங்களாகப் பயின்று வருகிறேன். முதல் நாள் ஆசிரியர் என் கையில் மட்டையையே தரவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டச் சொல்லி, இடுப்பு அசையாமல் மேலுடம்பு இருபுறமும் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். பிறகு ஒவ்வொரு இடுப்பு மூட்டும் உட்பக்கமாக எவ்வளவு சுழல்கிறது என்று சோதித்தார்.

58 வயதில் என் இடது இடுப்பு அதிகம் திரும்பாது என்பதை அன்றுதான் அறிந்தேன். முன்பு வேறோர் ஊரில் நான் பயின்ற இடத்தில் எல்லாருக்கும் ஒரே பாடம்: இடது பாதம் நேராக இருக்க வேண்டும், குதிகால் எழக்கூடாது. வலக்கை ஆட்டக்காரர் பந்தை அடித்து முடிக்கையில் உடலின் சுழற்சி முழுவதும் இடது இடுப்பின் மேல்தான் வந்து நிற்கும். அது திரும்ப மறுத்தால் அந்தச் சுமை முதுகுக்குப் போகும். இரண்டு ஆண்டுகள் நான் பட்ட முதுகுவலிக்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன். இங்கே இடது பாதத்தை இலக்கின் பக்கம் சற்றுத் திருப்பிவைத்து, மட்டையை ஓங்கும்போது குதிகாலை எழவிடக் கற்றுத்தந்தார்கள். மேஜர் எனப்படும் கோல்ஃபின் தலையாய போட்டிகளில் 18 பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸும் குதிகாலை உயர்த்தி ஆடியவர்தான். வீச்சு எல்லாருக்கும் ஒரேபோல் இருக்க வேண்டியதில்லை: மட்டையை வளைத்து இறக்கும் விசித்திர வீச்சோடு ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக் 2003இல் மேஜர்களில் ஒன்றான யு.எஸ். ஓப்பனை வென்றார், 2016இல் 18 குழிகள் கொண்ட ஒரு சுற்றைப் பந்தை 58 முறை மட்டுமே அடித்து முடித்தார்.

என்னோடு பயிலும் 14 வயதுச் சிறுமிக்கு மூட்டுகள் தாராளமாக வளைவதால், "மக்களே, பாதி ஓங்கினா போதும்" என்று ஆசிரியர் அவளைக் கட்டுப்படுத்துகிறார். எனக்குத் தளர்த்துவதை அவளுக்கு இறுக்கும் இந்தக் கவனத்தையே வகுப்பின் பெரும் சிறப்பாகக் கருதுகிறேன்.

இருப்பினும் மட்டைகள் எல்லாம் வளர்ந்த ஆண்களின் அளவில் உள்ளன. அச்சிறுமி கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பற்றியே அடிக்கிறாள். உடலை இவ்வளவு அளந்து பார்க்கும் இடத்தில் இது பெரிய குறை. வலைக்குள் பந்து எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. அதை அறிய, 9 குழிகள் கொண்ட திருவனந்தபுரம் கவடியார் மைதானம் போன்ற ஓர் இடத்தில் ஆடிப்பார்க்க வேண்டும். கூரையும் இல்லை. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், சேருமுன் மழை நாள் வகுப்புக்கு ஈடு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காததால் நான்கு வகுப்புகளை இழந்தேன்.