கூண்டு பிக்அப்பில் சரக்கைக் கட்ட எது: தரை வளையமா, சுவர் ரெயிலா?

கேரட் மூட்டை மட்டுமே ஏற்றுபவர்களுக்கு இந்த அலசல் அவ்வளவாகத் தேவைப்படாது. நெருக்கி அடுக்கிய மூட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வீட்டுச் சாமான், பைக், தேயிலைத் தொழிற்சாலைக்கு மோட்டார் என்று ஏற்றும்போதுதான் தலைவலி. மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. வளைவுதோறும் சரக்கு பக்கவாட்டில் சாயப் பார்க்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் முன்னால் பாயும். சரக்கின் எடையில் முன்பக்கம் 80 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் அளவுக்கு வரும் தள்ளலைச் சமாளிக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தர நெறியின் கணக்கு.

கனமான சரக்குக்கு என் ஓட்டு தரை வளையத்துக்கே. ஆனால் வளையத்தின் தடிமனைப் பார்த்து மயங்கக் கூடாது. அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். பிளைவுட்டில் ஸ்க்ரூ போட்டு நிறுத்திய வளையம் வெறும் அலங்காரம். அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துப் போல்ட் போட வேண்டும்; சட்டம் எட்டாத இடத்தில் கீழே ஒரு கனமான இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள்: பிரேக் குழாயும் ஒயரும் அங்கேதான் ஓடுகின்றன.

தரைமட்டத்துக்குக் கீழே பதியும் வளையம் காலில் இடறாது, பெட்டியை இழுக்கவும் வசதி. ஆனால் கேரட்டை ஒருமுறை ஏற்றினால் போதும், அந்தக் குழியில் செம்மண் சேறு இறுகி, வளையம் எழும்பவே எழும்பாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டியிருக்கும். குழியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிளைவுட்டில் போட்ட ஒவ்வொரு துளையின் விளிம்பையும் சீலன்ட் பூசி அடைத்துவிட வேண்டும். ஊட்டி ஈரத்தில் பலகை அங்கிருந்துதான் உப்ப ஆரம்பிக்கும்.

வரிசையாகத் துளையுள்ள சுவர் ரெயிலின் அருமை வேறு. கொக்கியை வேண்டிய இடத்தில் மாட்டலாம், கழற்றலாம். பீரோ, ஃபிரிட்ஜ், காய்கறிக் கிரேட் போன்ற உயரமான சரக்கு சாயாமல் பிடிக்க இதற்கு ஈடில்லை. ஆனால் கூண்டின் நிலைச் சட்டங்களில் பொருந்தாமல் உள் பலகையில் மட்டும் அறைந்தால், முதல் இழுப்பிலேயே பலகையோடு வந்துவிடும். மோட்டார் போன்ற கனத்தை இதை நம்பி விடாதீர்கள்.

விமானத்தில் இருக்கை பொருத்தும் வகை அலுமினிய ரெயிலும் கிடைக்கிறது. அழகுதான். நம் சேற்றுக்கு அது ஆகாது.

வெல்டிங் செய்தால் போல்ட் வேலை மிச்சமாகுமே என்பார்கள். வளையத்தில் துத்தநாகப் பூச்சு இருந்தால் அதன் புகை நச்சு. முதலில் தேய்த்தெடுக்க வேண்டும். பூச்சு போன இடத்தில் உடனே பெயின்ட் அடிக்காவிட்டால் துரு ஏறும். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். போல்ட் என்றால் தேய்ந்ததை எளிதாக மாற்றலாம்.

வாங்கும்போது வளையத்தின் மேல் பொறித்த எண் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். அறுபடும் வலுவைச் சொல்கிறார்கள் என்றால், பாதுகாப்பாக நம்பத்தக்கது வழக்கமாக அதில் மூன்றில் ஒரு பங்குதான்.