பனி எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தவர்கள்: மட்டக்களப்பில் ஓர் ஏ.சி. திருத்தும் நிலையம்

கல்லடியில் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள எங்கள் வீட்டு ஏ.சி.யை, கடந்த கச்சான் காற்றுக் காலத்தில் இரவு பத்து மணிக்குப் போட்டால் ஒரு மணியளவில் காற்று நின்றுவிடும். விடியற்காலையில் உள்ளே உறைந்த பனி உருகி, அம்மாவின் தலைமாட்டில் சொட்டத் தொடங்கும். முதலில் அழைத்த திருத்துநர் முன்மூடியைக்கூடத் திறவாமல் காஸ் (குளிரூட்டும் வாயு) நிரப்பினார். ஆறு வாரத்தில் மீண்டும் பனி, மீண்டும் காஸ். இரண்டு தடவைக்குமாக 17,000 ரூபாய் போயிற்று. காஸ் குறைந்திருந்தது என்று அவர் சொன்னது பொய்யன்று. அது எங்கே போகிறது என்பதைத்தான் அவர் தேடவில்லை.

பிறகு அயலவர் ஒருவர் சொல்லித் திருமலை வீதியிலுள்ள ஒரு சிறிய திருத்தும் நிலையத்தை அழைத்தேன். “நாங்க வாறதுக்கு ரெண்டு மணித்தியாலம் முந்திப் போட்டு வைங்க தம்பி, ஐஸோடயே பார்க்கணும்” என்று அங்கிருந்த மூத்தவர் தொலைபேசியில் சொன்னபோதே எனக்கு நம்பிக்கை பிறந்தது. வந்ததும் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தூசி அடைத்துக் காற்றோட்டம் குறைந்தால் உள்ளலகில் காற்றைக் குளிராக்கும் குழாய்ச் சுருள் முழுவதும் பனி ஏறத்தாழ ஒரே சீராகப் படரும் என்றும், காஸ் குறைந்தால் காஸ் சுருளுக்குள் புகும் பக்கத்தில்தான் பனி முதலில் உறையும் என்றும் விளக்கினார். எங்களுடையதில் இடப்புறம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வெளியலகில் மெல்லிய செப்புக் குழாய் பொருந்தும் வால்விலும் பனி, மெழுகுதிரி வழிந்து உறைந்ததுபோல் ஒட்டியிருந்தது.

அழுத்தமானியை மாட்டியபோது 80 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டியது. எங்கள் ஏ.சி.யில் உள்ள ஆர் 410ஏ காஸ், ஏறக்குறைய 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 0 பாகை செல்சியஸில் கொதிப்பது. அழுத்தம் அதற்கும் கீழே போனால் சுருளில் படியும் ஈரம் நீராக வடியாமல் பனியாகிவிடுகிறது. மிச்சமிருந்த காஸைச் சிலிண்டரில் மீட்டெடுத்துவிட்டு, கசிவைக் கண்டுபிடிக்க நைதரசனை அழுத்தி, ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை பூசினார்கள். நான்காவது மூட்டில், கடலைப் பார்த்திருந்த பித்தளை நட்டின் ஓரத்தில், கடுகளவு குமிழி ஒன்று தோன்றி மெல்ல மெல்லப் பருத்தது. உப்புக்காற்று அந்த நட்டை அரித்து மயிரிழை போல ஒரு வெடிப்பை உண்டாக்கியிருந்தது.

குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து, புது நட்டுப் போட்டு, அரை மணிநேரம் பம்பியால் வெற்றிடமாக்கினார்கள். அதன் பின்னரே, அலகில் ஒட்டியிருந்த அளவின்படி 850 கிராம் காஸைத் தராசில் நிறுத்து ஏற்றினார்கள். ஆர் 410ஏ இரண்டு வாயுக்களின் கலவை என்பதால் சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்துத் திரவமாகவே ஏற்ற வேண்டும் என்று மூத்தவர் உதவியாளருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னைய திருத்துநர் தராசே கொண்டுவராதது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

குறைகளும் உண்டு. வருவதாகச் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் பிந்தியே வந்தார்கள், அழைத்துச் சொல்லவுமில்லை. சுருளைக் கழுவிய கறுப்புத் தண்ணீர் சுவரில் வழிந்த தடத்தை நானே துடைக்க வேண்டியிருந்தது. மொத்தம் 21,500 ரூபாய் என்பது மலிவன்று; மூன்று மாத உத்தரவாதத்தையும் வாயால்தான் சொன்னார்கள், நான் வற்புறுத்திய பிறகே பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதித் தந்தார்கள். இப்போது ஐந்தாவது மாதம் நடக்கிறது. இரவு முழுவதும் போட்டாலும் சுருளில் பனியில்லை, நீர் வடிகுழாய் வழியாகவே போகிறது. பில்டரை இரண்டு வாரத்துக்கொரு முறை கழுவுமாறு அவர் சொன்னதை மட்டும் நாங்கள் இரண்டு தடவை தவறவிட்டோம்.