சைகோனில் காபிக்கடை சுற்றப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

42 லட்சம் டாங். நம்ம ஊர்ப் பணத்தில் கிட்டத்தட்ட 14,000 ரூபாய். லட்சம் என்றதும் பயந்துவிட வேண்டாம், வியட்நாமில் தெருவோரம் ஒரு காபி குடித்தாலே 20,000, 25,000 என்றுதான் நோட்டை நீட்ட வேண்டும். ஆனால் 14,000 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை, அதுவும் காபிப்பொடி என்று சொல்லி எதையோ அரைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்ட 14,000. ஹோ சி மின் நகரத்தில் (அங்கே இருப்பவர்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்) ஓட்டல் அறையில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மூன்று பாக்கெட்டும் மேசைமேல் இருக்கின்றன, அறை முழுக்க வெண்ணெயும் வெனிலாவும் கலந்த பேக்கரி வாசனை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் மரியாதையாக எழுதிவிடுவேன்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருமே காபிப் பைத்தியம். வியட்நாம் போகலாம் என்று முடிவானதே காபிக்காகத்தான். பிரேசிலுக்கு அடுத்து உலகத்திலேயே அதிகமாகக் காபி விளைகிற நாடு, விளைச்சலில் பெரும்பகுதி ரோபஸ்டா, புவான் மா துவோட் பக்கத்து மேட்டுநிலங்களிலிருந்து வருவது. தம்ளர் தலைமேல் ஃபின் என்ற சின்ன வடிகட்டியை உட்கார வைத்து, சொட்டுச் சொட்டாக இறங்குகிற வரைக்கும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அடியில் கெட்டியான டின் பால், மேலே ஐஸ். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பசும்பால் கிடைக்காமல் டின் பாலில் ஆரம்பித்த பழக்கம், இன்றைக்கும் அதை விடவில்லை. சைகோனில் காபி முடிந்ததும் ஒரு தம்ளர் ஐஸ் போட்ட வெறும் டீயைச் சும்மாவே கொண்டுவந்து வைப்பார்கள், அதற்குக் காசு கேட்பதில்லை. இந்த ஊர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊரிலிருந்து கிளம்புமுன்பே பயண ஏற்பாடுகள் விற்கிற ஒரு ஆப்பில் "சைகோனின் சிறந்த காபிக்கடைகள், அரை நாள் நடை" என்று ஒன்று கண்ணில் பட்டது. கூட ஒரு வழிகாட்டி, போகிற கடைகளில் காபி இலவசம், மதிப்பெண் ஐந்துக்கு ஐந்தை ஒட்டி. பணம் கட்டிப் பதிவு செய்தோம். அந்தப் பணத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை, 42 லட்சம் தனி.

வந்த பையன் தங்கமான பையன் போலத்தான் இருந்தான். முதலில் கூட்டிப்போனது சேயோ லேயோ. 1938-இலிருந்து நடக்கிற கடை, ஒரு குறுகிய சந்துக்குள். துணிப்பையில் பொடியைப் போட்டு வடித்து, மண் பாத்திரத்தில் அடுப்போரம் சூடாக வைத்து ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஃபின்னெல்லாம் கிடையாது. ஒரு வாய் குடித்ததும் என் மனைவி, "என்னங்க, பழைய காலத்து ஓட்டல்ல துணியில வடிச்சுக் குடுப்பாங்களே, அதே டிகாக்‌ஷன்" என்றாள். அடுத்து நுயென் ஹுவே சாலையில் 42-ஆம் எண் கட்டடம். பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, இப்போது மாடிக்கு மாடி காபிக்கடைகள், லிஃப்டில் ஏறத் தனியாகக் காசு. பால்கனியில் உட்கார்ந்து பாக் சியூ குடித்தோம், அதாவது பால் தூக்கலாக, காபி பேருக்கு. பையன் தன் கைக்காசில் எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். இரண்டு நல்ல கடைகளைக் காட்டியதே மூன்றாவது கடைக்குக் கூட்டிப்போகத்தான் போலிருக்கிறது.

மூன்றாவது, பென் தான் சந்தைப் பக்கத்தில் காபிக்கொட்டை வறுத்து விற்கிற கடை. பெயர் எழுதவில்லை, எழுதினால் பதிவையே தூக்கிவிடுவார்கள் என்று மச்சான் போனில் சொன்னார். மர அலமாரிகள், சணல் சாக்குகள், வாசலிலேயே பளபளவென்று ஒரு வறுக்கிற இயந்திரம் (அது சில்லிட்டுக் கிடந்தது, வறுத்த அடையாளமே இல்லை). மூலையில் கூண்டுக்குள் ஒரு மரநாய், ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருந்தது, என் மனைவி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மரநாய் காபிப்பழத்தைத் தின்று, செரிக்காமல் வெளியே வரும் கொட்டையைப் பொறுக்கிக் கழுவி வறுத்தால் அதுதான் உலகத்திலேயே விலை கூடிய காபி என்று பெயர். நம்ம குடகில்கூடக் கொஞ்சம் செய்கிறார்கள்.

கடைக்கார அம்மா நடுவயது, முகம் முழுக்கச் சிரிப்பு. ஃபின்னில் பொடி போட்டு, முதலில் ஒரு கரண்டி வெந்நீர் மட்டும் விட்டுப் பொடியை ஊற வைத்து, அப்புறம் மேல்தட்டை லேசாக அழுத்தி மீதி வெந்நீரை விட்டார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. குடித்தோம். பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது, நாக்கில் கசப்பே தங்கவில்லை. அரைக் கிலோ 16 லட்சம் என்றார், எங்களுக்காக 14. மூன்று பாக்கெட் எடுத்தோம், ஒன்று எங்களுக்கு, ஒன்று மாமனாருக்கு, ஒன்று மச்சானுக்கு.

கொட்டையை எங்கள் கண்ணெதிரே தட்டில் கொட்டி நிறுத்தார். தராசின் எண்கள் எங்கள் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தார். 500 கிராம் வந்ததும் கண்ணைச் சிமிட்டிவிட்டு இன்னொரு பிடி அள்ளி மேலே போட்டார், கொசுறு! இதை நான் இன்னும் நினைத்து நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன். கொசுறு போடுகிற கையை நம்ம ஊர்க்காரன் எவனாவது சந்தேகப்படுவானா? ஊரில் கீரைக்காரம்மா ஒரு கொத்து மல்லித்தழை கூடப் போட்டாலே அடுத்த நாளும் அவரிடமே போகிற ஜனம் நாம்.

அப்புறம் அரைக்க வேண்டுமே. ஒரு பையன் தட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனான். மனைவி உடனே கேட்டாள், "என்னங்க, நம்ம ஊர்ல முன்னாடியே வச்சு அரைச்சுக் குடுப்பாங்களே, இவங்க எதுக்கு உள்ள எடுத்துட்டுப் போறாங்க?" வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன். மில் சத்தம் போடும், கடையில் உட்கார்ந்து குடிப்பவர்களுக்குத் தொந்தரவு, அதனால் பின்கட்டில் வைத்திருக்கிறார்கள் என்றான். பதில் பொருத்தமாகத்தான் இருந்தது, மேசைகளில் ஆட்களும் இருந்தார்கள். மில் ஓடும் சத்தமும் வந்தது. எந்தக் கொட்டை அதற்குள் போனது என்பது மட்டும் அந்தத் திரைக்குத்தான் தெரியும். ஒட்டி மூடிய பாக்கெட்டாக, மரநாய்ப் படம் போட்ட தங்க நிற ஸ்டிக்கரோடு வெளியே வந்தது, கூடவே ஒரு எவர்சில்வர் ஃபின் இலவசம். கார்டைத் தேய்த்து, பின் எண் போட்டு, 42 லட்சம் டாங்.

ராத்திரி ஆசையாக ஒரு பாக்கெட்டைப் பிரித்தோம். பிரித்ததுமே வெண்ணெய் வாசனை. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து வறுப்பது வியட்நாம் வழக்கம், அது எனக்குத் தெரியும், அதைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் கடையில் குடித்ததில் அந்த வாசனை துளியும் கிடையாது. அதே ஃபின்னில் போட்டால் சோப்பு நுரை மாதிரிப் பொங்கி, தார் நிறத்தில் கொழகொழவென்று இறங்கியது. ஊரில் என் அம்மா சிக்கரி பார்க்கச் செய்கிற சோதனையைச் செய்தேன், தம்ளர் நிறையப் பச்சைத்தண்ணீர், மேலே ஒரு சிட்டிகைப் பொடி. நல்ல காபிப்பொடி கொஞ்ச நேரமாவது மிதக்கும். இது போட்ட கையோடு பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. வடிகட்டியில் தங்கியதை விரலில் தேய்த்துப் பார்த்தால் சோள ரவை போல மஞ்சளாகக் குருணைகள். மக்காச்சோளத்தையும் சோயாவையும் கருக வறுத்துக் காபியில் கலப்பது அந்த நாட்டில் பழைய தொல்லை, உள்ளூர்ப் பத்திரிகைகளே எழுதியிருக்கின்றன. அங்கே தெருக்கடையில் மலிவு விலைக்குக் குடிப்பவன் அதைச் சகித்துக்கொள்ளலாம். மரநாய் என்று சொல்லி அரைக் கிலோவுக்கு 14 லட்சம் வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பதற்கு என்ன பெயர்?

இனி கேளுங்கள் நாடகத்தை. வழிகாட்டிக்குப் படத்தோடு செய்தி அனுப்பினேன். பகல் முழுக்க நொடிக்கொரு சிரிப்புப் பொம்மை அனுப்பியவன், பார்த்துவிட்டு வெகுநேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம், ஓட்டல் தண்ணீர் சரியில்லை சார், தண்ணீர் மாறினால் ருசி மாறும் என்றான். தண்ணீர் மாறினால் மக்காச்சோளம் முளைக்குமா என்று கேட்டேன். கடை வேறு, நான் வேறு சார், நான் நடை மட்டும்தான் என்று முடித்துக்கொண்டான்.

காலையில் கடைக்கே போனோம். சிரித்த அம்மா இல்லை. ஒரு சின்னப் பெண், முதலாளி புவான் மா துவோட்டில் தோட்டத்துக்குப் போயிருக்கிறார், மத்தியானம் வாருங்கள் என்றாள். மத்தியானம் போனால், நாளைக்கு என்றாள். பாக்கெட்டைக் காட்டினேன். பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றாள். சரி, பிரிக்காத இரண்டையாவது எடுத்துக்கொள் என்றால், அரைத்த பொடியைத் திரும்ப எடுக்கும் வழக்கமே இல்லையாம். எங்கள் எதிரே வைத்து வேறு கொட்டை அரைத்துக் கொடு என்றேன், மில் ரிப்பேர். நேற்று ஓடிய மில்! கடைசியில் சமாதானத்துக்கு என்று உடனடிக் காபிப் பொட்டலம் ஒரு டப்பாவை நீட்டினாள், பாலும் சர்க்கரையும் சேர்த்து வருமே, அது. மனைவி அதை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

ஆப்பின் கதை இன்னும் மோசம். முதலில் இயந்திரம் பேசியது, உங்கள் வருத்தம் புரிகிறது, உங்கள் வருத்தம் புரிகிறது என்று அதே வரி. ஒரு மனிதரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் சொன்னது, நடையின்போது நீங்கள் சொந்தமாக வாங்கும் பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல. ஐயா, அந்தக் கடை உங்கள் பட்டியலில் மூன்றாவது நிறுத்தம் என்று போட்டிருக்கிறதே என்றால், குறித்துக்கொண்டோம், நன்றி. அடுத்த பயணத்துக்கு 200 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். 14,000 போனவனுக்கு 200, அதுவும் அவர்களிடமே திரும்பவும் செலவு செய்தால். நான் எழுதிய மதிப்புரை இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம், ஐந்து நட்சத்திரம் கொடுத்தவன் எழுதியதெல்லாம் உடனே வந்துவிடுகிறது.

பேங்குக்குப் போன் போட்டேன். கார்டு உங்கள் கையில் இருந்தது, பின் எண் நீங்கள் போட்டீர்கள், அதனால் இது மோசடிக் கணக்கில் வராது சார் என்றார்கள். சொன்ன பொருளைத் தராமல் வேறு பொருள் கொடுத்தார்கள் என்று தனியாகப் புகார் தரலாம், பில் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் பில்லை நன்றாகப் பார்த்தோம். கையால் எழுதியது. காபி, 3, 42,00,000. அவ்வளவுதான். மரநாய் என்று ஒரு எழுத்து இல்லை, எடை இல்லை, படித்துப் புரிகிற முத்திரை இல்லை. காபி என்று எழுதியிருக்கிறது, காபி கொடுத்தோம் என்று அவர்கள் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சைகோனில் எந்தெந்தக் கடையில் என்ன குடிக்கலாம் என்று நீளமாக எழுதத்தான் நினைத்திருந்தேன், இப்போது அந்த மனநிலை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். மரநாய்க் காபி வாங்காதீர்கள், நிஜமானது மிகக் குறைவு, நிஜமா என்று கடையில் நின்று கண்டுபிடிக்க நமக்கு வழி இல்லை, கூண்டில் விலங்கைக் காட்டுவது எதற்கும் அத்தாட்சி இல்லை. எந்தக் காபி வாங்கினாலும் கொட்டையாக வாங்குங்கள், ஊரில் அரைத்துக்கொள்ளலாம். பொருளின் பெயரும் எடையும் பில்லில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கார்டை எடுங்கள். வழிகாட்டி கூட்டிப்போகிற கடையில் குடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் இதுவும், 20,000 நோட்டும் 5 லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம், டாக்சியில் இருட்டில் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். சேயோ லேயோவுக்குத் தாராளமாகப் போங்கள், தனியாகவே போகலாம், வழிகாட்டி தேவையே இல்லை.

மாமனாருக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும். பேங்க்காரர்கள் நடந்ததை எல்லாம் விளக்கி இன்னொரு மெயில் கேட்டிருக்கிறார்கள், 42 லட்சம் எப்படிப் போனது என்று மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும். இதே மாதிரி அந்தச் சந்தைப் பக்கம் யாராவது ஏமாந்திருந்தால் உங்கள் பில்லில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் சொல்லுங்கள், மெயிலோடு சேர்த்துவிடுகிறேன்.