நனைந்த கார்பெட்டிலிருந்து தண்ணீர் எடுக்க: வாண்டா, ஏறி நிற்கும் தட்டா?

சென்ற மழைக்காலத்துக்கு முன்பு எங்கள் துப்புரவுச் சேவைக்கு ஒரு புதிய கருவி வாங்கினோம். சென்னை அலுவலகங்களிலும் ஓட்டல்களிலும் கார்பெட் கழுவுவதுதான் எங்கள் அன்றாடப் பிழைப்பு. மழை தொடங்கிவிட்டால் வேறு வகை அழைப்புகள் வரும். ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்துக்கொண்டு வழிந்திருக்கும். ஜன்னல் விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். எங்கேயோ ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போயிருக்கும். அப்போது கழுவுவது அவசரமில்லை. தண்ணீரை வெளியே எடுப்பதுதான் அவசரம்.

இதற்கு மூன்று வகைக் கருவிகள் இருக்கின்றன. முதலாவது வாண்ட்: நீண்ட கைப்பிடியும் அடியில் ஒடுங்கிய வாயும் கொண்டது, சோப்புநீர் தெளித்து அழுக்குநீரை உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்டர் இயந்திரத்துடனேயே வருவது. இரண்டாவது, ஆள் ஏறி நிற்கும் தட்டு: அடிப்பக்கம் நிறையத் துளைகள், விளிம்பைச் சுற்றி ரப்பர், மேலே ஹோஸ் பொருத்த ஒரு வாய். மூன்றாவது, ஆளை ஏற்றிக்கொண்டு தானே நகரும் பெரிய சவாரிக் கருவி. நாங்கள் தட்டைத்தான் வாங்கினோம். இன்று மறுபடி வாங்க வேண்டுமென்றாலும் அதைத்தான் வாங்குவேன்.

வாண்டைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. சோப்புநீர் தெளித்துக் கழுவும் வேலைக்கு அதற்கு ஈடு கிடையாது. ஒருமுறை தெளித்தபடி இழுத்து, பிறகு தெளிக்காமல் இரண்டு மூன்று முறை இழுத்தால் மேல் இழைகள் நன்றாகவே வறண்டுவிடும். வாயில் வழுக்கும் பட்டை பொருத்திக்கொண்டால் தோள்வலியும் குறையும். தரையோடு பசையிட்டு ஒட்டிய கார்பெட், சதுரத் துண்டுகளாகப் பதிக்கும் கார்பெட் டைல் ஆகியவற்றில் வாண்டே போதும். அங்கே அடியில் தண்ணீர் தேங்க மெத்தை இல்லை. டைலின் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கியிருந்தால் டைலைப் பெயர்த்தெடுத்துத் தரையைத் துடைப்பதே சரியான வழி. ஐ.டி. அலுவலகங்களில் மட்டும் வேலை செய்பவர் இதற்கு மேல் படிக்காமல் வாண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிக்கல் வருவது ஓட்டல் அறைகளிலும் விருந்துக் கூடங்களிலும்தான். அங்கே கார்பெட்டுக்கு அடியில் அண்டர்லே என்னும் மெத்தை உண்டு. கார்பெட்டின் மேல் கொட்டிய தண்ணீர் இழைகளில் நிற்பதில்லை. பின்துணியைத் தாண்டி மெத்தையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாண்டை எத்தனை முறை இழுத்தாலும் மேலே கை வைத்துப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். காலை ஊன்றி அழுத்தினால் தண்ணீர் மறுபடி ஊறி மேலே வரும்.

பழியை இயந்திரத்தின் வலுவின் மேல் போடுவது வழக்கம். உண்மையில் வலுவுக்குக் குறையில்லை. பரவலாகப் புழங்கும் கார்ச்சர் பூசி 10/1 இயந்திரத்தின் உறிஞ்சும் அழுத்தம் 220 மில்லிபார். நீர்த்தம்பமாகச் சொன்னால் அது 2.2 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கக்கூடிய இயந்திரத்தால் ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கும் மெத்தையிலிருந்து ஏன் எடுக்க முடியவில்லை? காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். வாண்டின் வாயைச் சுற்றிலும் இழைகளுக்கு நடுவே காற்று தாராளமாக நுழைகிறது. ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிப்பதைப் போல, உறிஞ்சும் வேகமெல்லாம் மேற்பரப்புக் காற்றை இழுப்பதிலேயே தீர்ந்துபோகிறது. மெத்தைத் தண்ணீர் அசைவதே இல்லை.

தட்டு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. சுற்றிலும் உள்ள ரப்பர் கார்பெட்டோடு படிந்து, பக்கவாட்டுக் காற்று நுழைவதைக் குறைக்கிறது. மேலே ஏறி நிற்பவரின் எடை மெத்தையைப் பிழிகிறது. பிழிந்து வரும் தண்ணீருக்குத் துளைகளைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. ஒளி ஊடுருவும் தட்டாக இருந்தால் தண்ணீர் பாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஓட்டம் நின்றதும் அடுத்த இடத்துக்கு நகரலாம்.

வேகம் குறைவுதான், அதை மறைக்க விரும்பவில்லை. 20-க்கு 30 செ.மீ. அளவுள்ள தட்டை வைத்து 4-க்கு 4 மீட்டர் அறை முழுவதும் எடுக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 267 இடங்களில் ஏறி இறங்க வேண்டும். ஓரிடத்தில் 8 விநாடி என்று வைத்தாலும் 36 நிமிடம் ஆகிவிடும். வாண்டால் அதே அறையைக் கால்வாசி நேரத்தில் முடித்துவிடலாம். ‘மீதியை ஃபேன் பார்த்துக்கொள்ளும்’ என்று தொழிலில் பலரும் சொல்வது இந்த நேரக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் ஃபேன் பார்த்துக்கொள்ளும் மீதிக்கும் ஒரு விலை இருக்கிறது. எங்கள் முடிவைத் தீர்மானித்தது அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். இயற்பியல் போட்ட கணக்கு இது. எந்த ஃபேன் வாங்கினாலும் மாறாது. ஃபேன் காற்றைத் தள்ளுகிறதே தவிர, வெப்பத்தை அறையிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மெத்தையில் 20 லிட்டர் தங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால் அதற்கு 13.6 யூனிட் ஆகிறது. அதே தண்ணீரைத் தண்ணீராகவே உறிஞ்சி எடுக்க, 1,250 வாட் மோட்டார் 36 நிமிடம் ஓடினால் முக்கால் யூனிட்தான் செலவு.

மின்கட்டணத்தைவிடப் பெரியது இதன் அடுத்த பகுதி. ஆவியான 20 லிட்டரும் எங்கே போகும்? வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சென்னைக் காற்றே ஏற்கெனவே ஈரம் சுமந்து நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும், வெளியே போகாது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால் அது ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வெளியேற்றும். ஆனால் அலுவலகங்களில் மாலையானதும் மைய ஏ.சி.யை நிறுத்திவிடுகிறார்கள், வார இறுதியில் போடுவதே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நனைந்த கார்பெட் திங்கள் காலைவரை மூடிய கட்டடத்தில் ஊறிக்கொண்டிருக்கும். ஈரம் 24 முதல் 48 மணி நேரம் நீடித்தாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு வரும் முடைநாற்றத்துக்கு எந்த வாசனைத் திரவமும் மருந்தாகாது. ஈரநீக்கி இயந்திரம் வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் அது 20 லிட்டரோடு போராடுவது வேறு, மூன்று நான்கு லிட்டரோடு போராடுவது வேறு.

கறைக்கும் இதே கதைதான். காபி கொட்டிய இடத்தை அழகாகக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், அதே இடத்தில் அதே கறை மேலேறியிருப்பதைப் பார்க்காத கார்பெட் தொழிலாளி இருக்க மாட்டார். அடியில் தங்கிய தண்ணீர் காயும்போது மேல்நோக்கி ஏறுகிறது. கரைந்த கறையையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்து இழை நுனியில் விட்டுவிடுகிறது. கழுவி முடித்ததும் அந்த இடத்தில் மட்டும் தட்டை வைத்து ஏறி நிற்பது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது. மறுநாள் புகார்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தட்டில் அசையும் பாகமே கிடையாது. கம்பளி கார்பெட்டில் வேலை செய்தால் துளைகளில் பஞ்சு அடைக்கும். வேலை முடிந்ததும் கவிழ்த்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். தேய்வது விளிம்பு ரப்பர் ஒன்றுதான். அதையும் உள்ளூர் ரப்பர் கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கிவிடலாம், வெளிநாட்டு உதிரிபாகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாண்டில் தெளிப்பு முனை அடைக்கும், வால்வு கசியும், விசைப்பிடி உடையும்.

தட்டு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இயந்திரத்தின் தொட்டி. பூசி 10/1-இன் அழுக்குநீர்த் தொட்டி 9 லிட்டர்தான். கழுவும் வேலைக்கு அது போதும். நனைந்த மெத்தையில் தட்டை வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பி, மிதவை மேலேறி உறிஞ்சல் நின்றுவிடும். வெள்ளம் எடுக்கும் வேலைக்குப் பெரிய தொட்டி வேண்டும். மோட்டார் இரண்டு உள்ள இயந்திரம் என்றால் இன்னும் நல்லது. ஆனால் போகும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சுவரில் சாதாரணமாக இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட் 1,380 வாட்டுக்கு மேல் தாங்காது. ஈரத் தரையில் நின்று வேலை செய்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் எங்கள் ஆட்கள் இயந்திரத்தைச் செருக மாட்டார்கள்.

சவாரிக் கருவியை நான் இரவல் வாங்கிக் கையாண்டது மட்டுமே உண்டு. எனவே இங்கே என் சொல்லைப் பாதி எடையோடு எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு செய்யும் அதே வேலையை நின்று நின்று செய்யாமல் ஓடியபடியே செய்கிறது. பெரிய கூடத்தில் ஆளின் முழங்காலுக்கு அது கொடுக்கும் ஓய்வு சாதாரணமானதல்ல. ஆனால் எடை அதிகம். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் மாடிப்படி ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டு பேர் வேண்டும். ஓட்டல் அறையின் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே அது நுழையாது, அங்கே மறுபடி தட்டைத்தான் தேட வேண்டும். மாநாட்டு மண்டபங்களையே நம்பித் தொழில் நடத்துபவருக்கு அந்த முதலீடு ஒருவேளை கட்டுப்படியாகலாம். பல ஆண்டு உழைப்பில் அதன் மோட்டார் எப்படித் தாங்கும் என்பதை அதைச் சொந்தமாக வைத்திருப்பவரிடம் கேட்பதே நல்லது.

வந்த தண்ணீர் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தரைத்தளங்களுக்குள் வந்தது சாக்கடை கலந்த வெள்ளம். துப்புரவு, சீரமைப்புத் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஐ.ஐ.சி.ஆர்.சி. அமைப்பின் எஸ்500 நெறிமுறை இத்தகைய நீரை மூன்றாம் வகையில், அதாவது மிக அசுத்தமான நீர் என்ற வகையில், வைக்கிறது. அதில் ஊறிய மெத்தையைக் காப்பாற்றித் தருகிறேன் என்று எந்தக் கருவியை வைத்துக்கொண்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அங்கே தட்டின் வேலை, கார்பெட்டையும் மெத்தையையும் வெட்டிச் சுருட்டித் தூக்கிப்போகும் அளவுக்கு எடையைக் குறைப்பது மட்டுமே. அந்த வேலை முடிந்ததும் தட்டு, ஹோஸ், தொட்டி மூன்றையும் கிருமிநாசினியால் கழுவிக் காயவைக்காமல் அடுத்த வாடிக்கையாளரின் வாசலுக்கு எடுத்துப்போகாதீர்கள்.